மாவுக்கட்டுக்குள் நாலு அறை

மாவுக்கட்டு அக்காவைப் புகழ்ந்து யாராவது என்னிடம் பேச வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "ஒரு ஆளோட காலைக் காப்பாத்தின தெய்வமாமே?" என்கிறார்கள். தெய்வமாவது மண்ணாவது! பதினாறு வருஷமாக அடுத்த அறையில் வேலை பார்க்கிறவன் நான். நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் என் எக்ஸ்ரே மெஷின், அந்தப் பக்கம் அவருடைய மாவுக்கட்டு அறை. அன்று என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். வயது ஐம்பது, குள்ளம். முழங்கை வரை எப்போதும் வெள்ளைப் பூச்சு. காது மடலில் காய்ந்த மாவு ஒரு பொட்டாவது ஒட்டியிருக்கும். ஆஸ்பத்திரியில் வாசல் காவலாளியிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் அவர் அக்காதான். நான் அவரைவிட இரண்டு வயது மூத்தவன். ஆனாலும் நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்று புதிதாக வரும் நர்ஸுகள் குழம்புவார்கள். நாங்கள் தெளிவுபடுத்துவதில்லை.

அந்த அறைக்கு அவர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கும் வேலைக்குத்தான் வந்தார். கட்டுப் போடுகிறவர் கையை ஆறு வருஷம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அதற்கான பரீட்சை எழுதி, தேறி, அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கட்டுச் சுருளைத் தண்ணீரில் போட்டால் குமிழி அடங்குகிற வரைக்கும் பொறுப்பார். ஒருபோதும் விரல்நுனியால் அழுத்த மாட்டார், உள்ளங்கையால்தான் நீவுவார். விரல் பட்ட பள்ளம் உள்ளே தோலில் புண்ணாகிவிடும் என்பார். குதிகாலுக்குப் பஞ்சு இரண்டு மடங்கு வைப்பார். வேறு ஆஸ்பத்திரி டாக்டர்கள்கூட அவர் போட்ட கட்டைப் பார்த்துவிட்டு, யார் போட்டது என்று விசாரித்திருக்கிறார்கள்.

கை எவ்வளவு நிதானமோ, வாய் அவ்வளவு அவசரம். ஒருத்தர் அரிக்கிறது என்று கட்டுக்குள் பென்சிலை விட்டுச் சொறிந்து, அது உள்ளேயே தங்கிப்போய், முழித்துக்கொண்டு வந்து நின்றார். "அடுத்த தடவை பேனாவும் பேப்பரும் சேர்த்து உள்ள வெச்சு அனுப்புங்க, நான் உட்கார்ந்து கதை எழுதறேன்" என்றார் அக்கா. டாக்டர்களையும் விட்டுவைக்க மாட்டார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

கால் உடைந்து யார் வந்தாலும், கூட வந்த சொந்தக்காரர்களை நிற்கவைத்துப் பாடம் எடுப்பது அவர் வழக்கம். ஸ்டூலில் உட்கார்ந்து, தன் காலையே நீட்டி, மாவு விரலால் அதில் கோடு போட்டுக் காட்டுவார். சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

"முழங்காலுக்குக் கீழ நாலு அறை இருக்கு. இந்த எலும்பை ஒட்டி வெளிப்பக்கமா இருக்கே, இது முன்னறை. பாதத்தை மேல தூக்கறவன், விரலை நிமித்தறவன் எல்லாம் இங்கதான் குடியிருக்கான். நடக்கறப்ப நுனிவிரல் தரையில இடிக்காம வருதுன்னா அது இவனாலதான். அடுத்தது பக்கத்தறை. அதுல ரெண்டே பேர். பாதம் உள்பக்கமா மடங்கிப் பிசகிடாம வெளிப்பக்கம் இழுத்துப் பிடிப்பாங்க. பின்னால கெண்டைச் சதை. அது எல்லாருக்கும் தெரிஞ்சது. குதிகாலைத் தூக்கி ஆளை முன்னால தள்றதும் அதுதான், கீழ இறங்கின ரத்தத்தை அழுத்தி மேல அனுப்பறதும் அதுதான். அதுக்கு அடியில இன்னொரு அறை, வெளிய தெரியாது. விரலை மடக்கறவன், பாதத்தோட வளைவைத் தாங்கறவன் அங்க இருக்கான். ஒவ்வொரு அறைக்கும் சுத்தி ஒரு உறை. அதுதான் சுவர். கெட்டியானது, விரிஞ்சு கொடுக்காது. எலும்பு உடைஞ்சா ரத்தம் கசியும், சதை வீங்கும். சுவர் நகராது. அப்ப உள்ள இருக்கிறவன் கதி? மூச்சு முட்டிச் சாவான்."

அதனால்தான் புதிதாக உடைந்த காலுக்கு அவர் முழுக்கட்டுப் போட மாட்டார். காலுக்குப் பின்பக்கம் மட்டும் பலகைபோல மாவை வைத்து, முன்பக்கம் துணி சுற்றிவிடுவார். பாதிக்கட்டு. வீக்கம் வந்தால் துணி இடம் கொடுக்கும். நாலைந்து நாள் கழித்து, வீக்கம் வடிந்த பிறகுதான் முழுக்கட்டு. "ஏற்கெனவே விரியாத சுவர் நாலு இருக்கு. அஞ்சாவதா நான் வேற ஒண்ணு கட்டணுமா?" என்பார்.

எங்களிடம் ஒரு சின்ன டாக்டர் வந்து சேர்ந்திருந்தார். படிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் தான் எழுதியதை இன்னொருவர் திரும்பப் படிப்பதே அவருக்குப் பிடிக்காது. ஒரு நாள் ஒரு பெண்ணின் கணுக்காலுக்கு அவர் முழுக்கட்டு எழுத, அக்கா நோயாளிகள் முன்னாலேயே கேட்டுவிட்டார். "புத்தகத்தைத் தலைக்கு வெச்சுப் படுத்தா படிச்சதா ஆயிடுமா டாக்டர்?" கேட்ட விஷயம் சரிதான். கேட்ட விதம் தப்பு என்று நானே சொன்னேன். அடுத்த வாரம் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு அக்கா கைக்கு மெமோ வந்தது. மருத்துவர்களின் குறிப்பை மறுபேச்சின்றி நிறைவேற்ற வேண்டும். இன்னொரு புகார் வந்தால் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்படுவீர்கள்.

அக்காவின் வீட்டுக்காரர் தையல்காரர். கண்ணில் புரை விழுந்து, ஊசியில் நூல் கோக்கவே அக்கா வேண்டும் என்ற நிலைமை. மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். மாடியில் இரண்டே அறை கொண்ட வீடு, அக்காவின் சம்பளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. டீ குடிக்கும்போது மெமோவை என்னிடம் நீட்டினார். படித்துவிட்டு நான் சொன்னேன்.

"அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இன்னைக்கு ஒரு நாளாவது வாய்க்குப் பூட்டுப் போடுங்க."

அக்கா மெமோவை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

ஒன்பதரைக்கு ஏணிக்காரர் வந்தார். உயரமான சுவர்களுக்கு வர்ணம் அடிக்கிறவர், ஏணிமேலேயே பாதி நாள் வாழ்கிற ஆள். ஏணி சறுக்கி விழுந்திருந்தார். கூட மனைவி. நான்தான் படம் எடுத்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல், ஆனால் விலகவில்லை. "நல்லவேளை" என்றுகூடச் சொன்னேன். அவரும் "ஆமாங்க, நல்லவேளை" என்றார். பெரிய உடம்பு, சின்னக் குரல். படுக்கைமேல் தூக்கி வைத்தபோது அவருக்கு எப்படி வலித்திருக்கும்! முனகக்கூட இல்லை. எங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டதாக மன்னிப்பு வேறு கேட்டார்.

சின்ன டாக்டர் எழுதினார்: தொடையிலிருந்து விரல் வரை முழுக்கட்டு. வார்டில் கட்டில் காலி இல்லை. முழுக்கட்டுப் போட்டுவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். கணக்கு அவ்வளவுதான்.

அக்கா அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நான் உதட்டில் விரலை வைத்தேன். பெரிய புத்திசாலி என்ற நினைப்பு எனக்கு. அக்கா திரும்பிப் போனார். வாளியில் சுருள் விழும் சத்தம் கேட்டது. நாற்பது நிமிஷத்தில் கட்டு முடிந்தது. போய்ப் பார்த்தேன். குறை சொல்ல இடமில்லாமல் இருந்தது.

ஒரு காரியம் மட்டும் அக்கா தன் இஷ்டத்துக்குச் செய்தார். ஏணிக்காரரை வீட்டுக்கு விடவில்லை. கட்டு ஈரமாக இருக்கிறது, காய வேண்டும் என்று சாக்குச் சொல்லி, நடைபாதை பெஞ்சில் காலை உயர்த்திப் படுக்கவைத்தார். அந்த மாவு இறுகப் பத்து நிமிஷம் போதும், அன்றே வீட்டுக்குப் போகலாம் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

பன்னிரண்டு மணிக்குக் கேட்டார். "வலிக்குதா?"

"கொஞ்சம். பரவாயில்லைங்க."

ஒரு மணிக்குக் கேட்டார். "பரவாயில்லைங்க. எலும்பு உடைஞ்சா வலிக்கத்தானே செய்யும்."

இரண்டு மணிக்கு அக்கா கேட்கவில்லை. கட்டுக்கு வெளியே தெரிந்த பெருவிரலைப் பிடித்து மெதுவாகக் கீழே வளைத்தார். ஏணிக்காரர் சட்டைக் காலரை இழுத்து வாயில் கடித்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஒரு சத்தம் இல்லை. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே அக்கா நகத்தால் கீறினார். அது அவருக்குத் தெரியவே இல்லை.

"யோவ், கத்துய்யா!" அக்கா போட்ட கூச்சலில் நடைபாதையே திரும்பிப் பார்த்தது. "வலிச்சா கத்தணும்! வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்க? இப்படிப் பொறுத்துப் பொறுத்துத்தான் எல்லாத்தையும் தொலைப்பீங்களா?"

"எல்லாருக்கும் தொந்தரவுங்க" என்றார் அவர்.

சின்ன டாக்டர் வந்தார். விரல்நுனியை அழுத்திப் பார்த்தார். வெளுத்த இடம் உடனே சிவந்தது. விரல் சூடாக இருந்தது. "ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. வலிக்கு ஒரு ஊசி போடுங்க. கட்டைத் தொடக் கூடாது."

"டாக்டர், விரல் சிவப்பா இருக்கிறதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. பெரிய குழாய் கடைசியிலதான் அடைபடும். உள்ள சதை செத்துக்கிட்டு இருக்கும், விரல் சூடாத்தான் இருக்கும். விரலை வளைச்சா உயிர் போகுது அவருக்கு. நடுவுல உணர்ச்சி இல்ல. முன்னறை நெரியுது டாக்டர்."

சின்ன டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "காலையில மெமோ வந்ததா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எதையாவது எடுத்து எறிய வேண்டும்போல இருக்கிறது.

டாக்டர் எழுதிக் கொடுக்காமல் போட்ட கட்டைப் பிரிக்கக் கூடாது. அது விதி. பெரிய டாக்டர் ஆபரேஷனில் இருந்தார். அக்கா ஒரு நர்ஸிடம் சொல்லி அனுப்பினார். பதில் இல்லை. இன்னொரு முறை தானே ஓடினார். கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். திரும்பி வந்தபோது மணி மூன்றாகப் பத்து நிமிஷம். என் வாசலைத் தாண்டித்தான் அவர் அறைக்குப் போக வேண்டும். இந்தத் தடவை என் பக்கம் திரும்பவே இல்லை.

கட்டு வெட்டும் ரம்பத்தின் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. நான் ஓடிப் போனேன். அறை முழுக்க வெள்ளைத் தூசி. கட்டின் இரண்டு பக்கமும் நீளத்துக்கு வெட்டி, மேல் ஓட்டைக் கழற்றி, பஞ்சையும் கத்தரியால் தோல் தெரிகிற வரைக்கும் பிரித்துக்கொண்டிருந்தார். தன் கையால் நீவி நீவிப் போட்ட கட்டு. திட்டிக்கொண்டே வெட்டினார். யாரைத் திட்டுகிறார் என்று கவனித்தேன். டாக்டரை இல்லை. "கூறு கெட்டவளே, கூறு கெட்டவளே" என்று தன்னைத்தான்.

கால் பளபளவென்று இறுகி நின்றது. தொட்டேன், மரக்கட்டை. ஏணிக்காரர் மூச்சை விட்டு, "இப்பப் பரவாயில்லைங்க" என்றார். அக்கா மறுபடி பெருவிரலை வளைத்தார். மறுபடி காலர் வாய்க்குப் போனது. வெளிச்சுவர்தான் போயிருக்கிறது, உள்ளே இருக்கும் சுவர்கள் அப்படியே நிற்கின்றன என்று எனக்கே புரிந்தது. மூன்றரைக்குப் பெரிய டாக்டர் வந்தார். ஒரு முறை தொட்டுப் பார்த்தார், ஒரு விரலை வளைத்துப் பார்த்தார். "தியேட்டருக்கு" என்றார். "அக்கா, நீங்களும் வாங்க. காலைப் பிடிச்சுக்கணும்."

உள்ளே நடந்ததை அக்கா பிறகு சொன்னார். காலின் இரண்டு பக்கமும் முழ நீளத்துக்குக் கீறி, நாலு உறையையும் திறந்துவிட்டார்கள். திறந்ததும் சதை தானாக மேலே எழும்பி வந்திருக்கிறது. ஒவ்வொரு அறையிலும் பெரிய டாக்டர் இடுக்கியால் சதையை லேசாகக் கிள்ளிப் பார்த்தார். உயிருள்ள சதை கிள்ளினால் துள்ளும். கெண்டைச் சதை துள்ளியது. அடியறை துள்ளியது. பக்கத்தறையும் துள்ளியது. முன்னறை கறுத்திருந்தது. கிள்ளினார், அசையவில்லை. கொஞ்சம் கீழே கிள்ளினார். அங்கேயும் இல்லை. முழங்கால் பக்கம் மேலே ஒரு துண்டு மட்டும் லேசாகத் துடித்தது. பெரிய டாக்டர் இடுக்கியைத் தட்டில் வைத்தார்.

அன்று சாயங்காலம் நான்தான் அக்காவை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். நடந்ததை வாசலிலேயே அவர் வீட்டுக்காரரிடம் சொன்னேன். வீட்டுக்காரர் தையல் மெஷினை நிறுத்திவிட்டுத் தட்டை எடுத்து வைத்தார். அக்கா உட்காரவில்லை.

"கால் இருக்குல்ல?" என்று மெதுவாகக் கேட்டார் வீட்டுக்காரர்.

"இருக்கு. தூக்கறவன்தான் செத்துட்டான்."

"நீ மட்டும் வெட்டலைன்னா..."

"நீங்க சும்மா இருங்க" என்று சீறினார். "வெட்டினதைப் பத்தி எவனும் என்கிட்ட பேச வேண்டாம்." வீட்டுக்காரர் தட்டைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டார். முப்பது வருஷமாக அந்தக் கோபத்தோடு வாழ்கிற மனுஷர்.

பத்து நாளில் விசாரணை. சின்ன டாக்டர் தாளில் எல்லாம் சரியாக எழுதி வைத்திருந்தார்: எழுத்து மூலமான அனுமதியின்றிக் கட்டு பிரிக்கப்பட்டது. பெரிய டாக்டர், "பிரிச்சதாலதான் கால் இருக்கு. இன்னும் ரெண்டு மணி நேரம் போயிருந்தா நான் காலையே எடுத்திருப்பேன்" என்றார். அவ்வளவுதான், காற்று மாறிவிட்டது. மெமோ ரத்து. பாராட்டுக் கடிதம் தயார். அதை வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் போட அக்காவைக் கூப்பிட்டார்கள். நானும் சாட்சியாக அங்கே இருந்தேன்.

"வெட்டினதுக்கு இதெல்லாம் கொடுக்கறீங்க. போட்டதுக்கு என்ன கொடுப்பீங்க?" என்றார் அக்கா.

விசாரணையை நடத்திய ஆஸ்பத்திரி சூப்பிரண்டு புரியாமல் பார்த்தார்.

"அந்தக் கட்டைப் போட்டது நான். போடக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே போட்டேன். அதை எழுதுங்க."

"அம்மா, நீங்க டாக்டர் சொன்னதைச் செஞ்சீங்க. அதைக் கிளறாதீங்க. ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பேர்" என்று அவர் பூசி மெழுகினார். அக்கா கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டார். கடிதத்தை அவர் இல்லாமலே சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிவிட்டார்கள். சின்ன டாக்டர் மேல்படிப்புக்குப் போய்விட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாகத்தான் இருப்பார், அவருக்கென்ன!

ஏணிக்காரர் வார்டில் கிடந்தார். செத்த சதையை எடுத்தார்கள். எலும்புக்கு வெளியே கம்பி வைத்து நிறுத்தினார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்துப் புண்ணை மூடினார்கள். அக்கா தினமும் வேலை முடிந்ததும் அவர் கட்டிலுக்குப் போவார். "கெண்டையை இறுக்கு." இறுக்குவார். "விரலை மடக்கு." மடக்குவார். "பாதத்தை வெளிப்பக்கம் தள்ளு." கொஞ்சம் தள்ளுவார். "பெருவிரலைத் தூக்கு." அது அப்படியே கிடக்கும். பாதம் நுனிவிரல் பக்கமாகத் தொங்கும்.

"நாளைக்குத் தூக்கிடும்ங்க" என்பார் ஏணிக்காரர், அக்காவுக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி. மனைவி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லைன்னா இவர் கதி என்ன ஆகியிருக்கும்" என்று தினமும் அழுவாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். வெளியே வந்ததும் அக்கா என்மீது எரிந்து விழுவார்.

ஏழாவது வாரம் ஒரு மத்தியானம் என்னையும் கூட வரச் சொன்னார். ஏணிக்காரர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் சிரித்தார். மனைவி வழக்கம்போல அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏணிக்காரர், ஏணி கடனாகக் கேட்டு ஆள் வந்ததாகவும், இரண்டு மாதத்தில் தனக்கே வேண்டும் என்று கொடுக்கவில்லை என்றும் சொன்னார்.

அக்கா உட்காரவில்லை. "ஏணி பத்தித்தான் பேச வந்தேன். இந்தப் பாதம் தானாத் தூக்காது. தூக்கற சதை செத்துப்போச்சு. வேற சதையை முன்னால இழுத்துத் தெச்சுப் பார்க்கலாம்னு பெரிய டாக்டர் சொல்றார். அது பலிச்சா நல்லா நடக்கலாம். ஏணி ஏற முடியும்னு எனக்குத் தோணலை. யாரும் உன்கிட்ட சொல்ல மாட்டேங்கறாங்க. அதான் நான் சொல்றேன்."

அவர் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பரவாயில்லைங்க. காலாவது இருக்கே. அது உங்களால..." என்று ஆரம்பித்தார்.

"என்னாலதான் செத்துச்சு!" அக்காவின் குரல் உடைந்தது. "அந்தக் கட்டைப் போட்டது யாரு? நான். அன்னைக்கு அதைப் போடக் கூடாதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். இந்தக் கையில சீட்டு இருந்துச்சு, வாயில வார்த்தை இருந்துச்சு. வேலை போயிடும்னு பயந்து வாயை மூடிட்டுப் போட்டேன். இவ்வளவுதான் நடந்தது."

மனைவி பிடித்திருந்த அக்காவின் கையை விட்டுவிட்டாள். ஏணிக்காரர் அக்காவை ரொம்ப நேரம் பார்த்தார். "தெரியுமா?" என்றார். "தெரியும்" என்றார் அக்கா. "தெரிஞ்சேவா போட்டே?" "ஆமா."

அதற்குப் பிறகு அந்த மனிதர் கத்திய கத்து! அவ்வளவு பெரிய குரல் அந்த உடம்புக்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. தண்ணீர் டம்ளர் பறந்து சுவரில் மோதியது. என் ஏணி, என் பிழைப்பு, என் பிள்ளைங்க, பாவி, நாசமாப் போ! வாயில் வந்ததையெல்லாம் கொட்டினார். நாற்பது கட்டிலும் எழுந்து உட்கார்ந்துவிட்டது. இரண்டு நர்ஸுகள் ஓடிவந்து, ஒருத்தி அவர் தோளைப் பிடித்து அழுத்த, இன்னொருத்தி அக்காவை வெளியே இழுத்தாள்.

"விடுங்க சிஸ்டர்" என்றார் அக்கா. "அவரைப் பிடிக்காதீங்க. கத்தட்டும்."

அவர் தொண்டை கட்டுகிற வரைக்கும் அக்கா நகரவில்லை. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். அந்தத் திட்டில் பாதி எனக்குச் சேர வேண்டியது. அக்கா என் பக்கம் கையைக் காட்டியிருக்கலாம், காட்டவில்லை. நானாகச் சொல்லியிருக்க வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை.